இரண்டு முறை எழுதலாம்

பூர்க்டோர்ஃப் நகரசபைத் தேர்தலில்
ஒரு பெயரை வெட்டலாம்,
இன்னொரு பெயரை இரண்டு முறை எழுதலாம்.
கையால் மட்டும். தட்டச்சு செல்லாது.
மூன்று கிழமையாய்
இந்தச் சட்டத்தைத்தான்
வீடு வீடாய்ச் சொல்லித் திரிகிறேன்.

ஸ்ரேசனுக்குப் பின்னால், ஆறாம் மாடியில்
சறோஜினிதேவி அக்கா
சங்கிலியைக் கழற்றாமலே கேட்டா:
"நீங்கள்தானே கேக்கிறியள்?
படத்திலை கோட்டோடை நிக்கிறியள்?"
ஓமக்கா. அது நான்தான்.
பதினேழாம் பெயர். அதை வெட்டுங்கோ.
அந்த இடத்தில்
பதினாறாம் பெயரை இன்னொருக்கா எழுதுங்கோ.
"விசரே உமக்கு" என்றா.
சங்கிலியை மட்டும் கழற்றினா.

பட்டியல் அச்சுக்குப் போனபின் எடுத்த முடிவு.
நான் விலகினாலும் பெயர் விலகாது.
எங்கள் இருவருக்கும் சேர்த்து
ஒரு நாற்காலிதான் வரும் என்று
பிராவ் எஷ்லிமான் விரல்விட்டுக் காட்டினா.
போனமுறை எதிரெதிர்க் கட்சியில் நின்றோம்.
தமிழ் வீடுகளைப் பாதியாய்ப் பிளந்தோம்.
நீ பதினொரு வாக்கால் தோற்றாய்.
என் தோல்வியின் எண்ணை
நான் யாருக்கும் சொன்னதில்லை.

கோட்டு நூற்று எண்பத்தொன்பது பிராங்.
கன்னி உரையை முதியோர் இல்லச் சமையலறையில்
கோப்பை கழுவும் யந்திரத்தின் ஆவிக்குள் நின்று
பாடமாக்கினேன்.
கெஷேட்ஸ்டே டாமென் உண்ட் ஹெரன்.
ஈரத் தட்டுகள் மிகக் கவனமாய்க் கேட்டன.
இப்போதும் உதடு அசைகிறது,
நிறுத்தச் சொன்னால் நிற்பதில்லை.

தை மாதக் கூட்டத்தில் நீ எழும்பினாய்.
விடியற்கால வேலைக்காரருக்கு
ஐந்து மணி பஸ் ஒன்று வேண்டும் என்று
பேர்ண் ஜெர்மனில் ஏழு நிமிடம்.
ஒருவரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.
பின்வரிசையில் நான்
நீ எங்கே தடக்குவாய் என்று காத்திருந்தேன்.
பஸ் வந்துவிட்டது. ஐந்து பன்னிரண்டுக்கு.
அதில்தான் நானும் போகிறேன்,
கண்ணாடிப் பக்கம், சூடான இருக்கையில்.

அங்கே, கோதுமை மாப்பசை வாளியோடு
உங்கள் இயக்கத்தின் சுவரொட்டிமேல்
எங்களுடையதை ஒட்டிக்கொண்டு போனவன் நான்.
இங்கே விளக்குக் கம்பத்தில்
உன் முகத்தைப் பிளாஸ்ரிக் நாரால் கட்டுகிறேன்.
எம்மெ ஆற்றுக் காற்று அதைத் திருப்பிவிட்டால்
வேலை முடிந்து வந்து
நேராக்கிவிட்டுப் போகிறேன்.

பாலத்தில் வைத்துக் கேட்டாய்:
"உண்மையைச் சொல்லு மச்சான், ஏன்?"
பஸ்சைச் சொன்னேன்.
அதுவும் உண்மைதான்.

ஒரு சித்திரை மாதம்.
கொப்பியில் கிழித்த ஒற்றை.
கையெழுத்து அழகு என்று
என்னைத்தான் எழுதச் சொன்னார்கள்.
ஆறாவதாய் உன் பெயர்.
சொந்தப் பெயர் அல்ல, அது எனக்கு அப்போது தெரியாது.
இயக்கப் பெயர், மூன்றே எழுத்து,
எழுத ஒரு விநாடி.
அன்றிரவு நீ வீட்டில் இல்லை.
ஐந்தாவது பெயர்க்காரன் இருந்தான்.

நேற்று இரவு குசினி மேசையில்
என் வாக்குச்சீட்டை விரித்தேன்.
மகளின் அடிமட்டத்தை வைத்து
என் பெயரை நடுவால் வெட்டினேன்.
இலகுவாய்த்தான் இருந்தது.
பிறகு உன் பெயர்.
குலவீரசிங்கம்.
ஜெர்மன் எழுத்தில் பதினைந்து.
ஒவ்வொன்றாய் வாய்விட்டுச் சொல்லி,
ஒன்றும் பிழைக்கக் கூடாதென்று
மூச்சை அடக்கி எழுதினேன்.
கடைசி எழுத்து கோட்டுக்கு வெளியே
கொஞ்சம் எட்டிப் பார்த்தது.

உறையை ஒட்டுமுன்
இன்னொரு தரம் பார்த்தேன்.
என் கையெழுத்து
இன்னும் அழகாய்த்தான் இருக்கிறது.